எட்டாம் வாடிக்கு விழுந்த சொற்கள்

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அறிவித்தல் சொல்லப் போகிறவனுக்கு ஒரு வாசலில் ஏழு சொல்தான் சொந்தம். எட்டாவது சொல் வாயில் இருந்து விழும்போது வண்டி அடுத்த வாசலுக்குப் போயிருக்கும். இது திருகோணமலையில் முனாப்புக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது. பதினேழு வருடமாக அவனுக்கு அதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் அவனுடைய வாப்பா மெயின் வீதியில் புடவைக் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்றில் கடை எரிந்தது. மிஞ்சியது வியாபாரி மகனின் வாய் ஒன்றுதான். முனாப் அதற்கு ஒரு மைக்கை வாங்கிக் கொடுத்தான்.

காலையில் மீன் சந்தையில் ஏலம் கூறுவான். பிறகு மச்சான் அன்ஸாரின் ஓட்டோவில் ஏறி ஊரைச் சுற்றுவான். மரண அறிவித்தல் என்றால் முதலில் ஊர், அடுத்தது பேர், அடுத்தது எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்பது. ஏழு சொல்லில் ஒரு மனிதனை அடக்கிவிடலாம். செத்தவரின் மருமகன் லண்டனில் என்ன வேலை என்பதெல்லாம் பின்னால்தான் வரும், அது காற்றுக்கு.

அந்த மார்கழியில், நோன்பு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, ஓர்ஸ் ஹில்லில் இருந்த பிரதி அமைச்சர் ஞானசேகரத்தின் காரியாலயத்தில் இருந்து ஆள் வந்தது. விடிந்ததிலிருந்தே துறைமுகத்தின் மேலே வானம் பழைய பித்தளைப் பாத்திரம் போல நிறம் மாறிக் கிடந்தது. உள்துறைமுகத்தில் கடற்படைக்காரர்கள் தங்கள் படகுகளை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்படை கயிறு தேடுகிறது என்றால் பெரிய சங்கதி நடக்கப் போகிறது என்று அன்ஸார் வரும் வழியிலேயே சொன்னான்.

பிரதி அமைச்சரின் செயலாளர் சோமசேகரம் கதிரையில் இருந்தபடியே ஒரு தாளை நீட்டினார்.

"முனாப், இதைக் குச்சவெளிக் கரை வாடியளுக்குக் கொண்டுபோய் வாசிக்கவேணும். அங்கை கரண்டும் இல்லை. பற்றரி கொண்டுபோக சென்றியில ஆமிக்காரங்கள் விடமாட்டாங்கள், அதால ரேடியோவும் இல்லை. நீர் ஒராள்தான் வழி."

முனாப் தாளைப் பார்த்தான். கீழே வந்து சேர்வதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"சேர், இதில புயல் எங்கை இருக்கு?"

"இருக்கு. கீழை பாரும். 'தாழமுக்கம்' எண்டு."

"தாழமுக்கம் எண்டால் அமைச்சருக்குப் பிறஷர் குறைஞ்சு போச்செண்டெல்லோ சனம் நினைக்கும். புயல் எண்டு போடுங்கோ சேர். முதல் சொல்லாப் போடுங்கோ."

"புயல் எண்டால் சனம் பீதியடையும்."

"அடையட்டுமே சேர். பீதியடைஞ்சவன்தான் ஓடுவான்."

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான். "அமைச்சரின்ரை பேருக்கு முன்னால புயலைப் போட ஏலாது. முதல்ல அமைச்சர், பிறகுதான் மற்றது."

"அமைச்சர் புயலுக்கு முன்னால வாறது நல்ல விசயம்தான். அப்பிடியே குச்சவெளிக் கரையில வந்து நிக்கச் சொல்லுங்கோ, நான் எதையும் வாசிக்கத் தேவையில்லை."

வாசலில் நின்ற அன்ஸார் சிரிப்பை இருமலாக மாற்றினான். செயலாளர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் முனாப் தன் வாழ்க்கையின் மிகக் கேவலமான பேரத்தைத் தொடங்கினான். தாளில் பிரதி அமைச்சரின் பெயருக்கு முன்னால் பதினாலு பட்டங்கள் இருந்தன. வாசலுக்கு ஏழு சொல்தான் கிடைக்கும் என்று விளக்கினான். செயலாளர் தலையாட்டினார், ஒரு பட்டத்தைக்கூட வெட்டவில்லை. முனாப் ஆறில் தொடங்கினான். அவர் பதின்மூன்றில் நின்றார். "கலாநிதி" போகாது, அது பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்தது என்றார். எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்று முனாப் கேட்டான். அதற்குப் பதில் வராததால் "கலாநிதி" போனது. "இளைஞர்களின் இதயத்துடிப்பு" போனது, அவருக்கு அறுபத்தெட்டு வயது என்பதால். "கிழக்கின் விடிவெள்ளி"யை முனாப் இரண்டு தடவை வெளியே தள்ளினான், அது இரண்டு தடவையும் திரும்பி வந்தது. கடைசியில் ஒன்பதில் இருவரும் கை கொடுத்தார்கள்.

புயல் என்ற சொல் வரவேயில்லை. ஆனால் பதினாலை ஒன்பதாக்கிய சந்தோஷத்தில் முனாப்புக்கு அது மறந்துபோனது. அவனுடைய வாப்பாவின் கடையிலும் இப்படி நடந்திருக்கிறது. விலையை அடித்து இறக்கிய மிதப்பில் வாங்கியவர் சேலையை விரித்துப் பாராமலே வாங்கிக்கொண்டு போவார். கிழிசல் வீட்டில்தான் தெரியும்.

வாசகத்தைத் திரும்பத் தட்டச்சு அடிக்க வேண்டி வந்தது. அடித்த தாளைத் திரும்பப் பொலிசுக்குக் கொண்டுபோய்ச் சீல் குத்த வேண்டி வந்தது, ஏனென்றால் சீல் இல்லாத ஒரு சொல்லும் ஒலிபெருக்கியில் வரக்கூடாது. சீல் குத்துகிறவர் சாப்பிடப் போயிருந்தார். பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டிய ஓட்டோ ஒன்றரை மணிக்குப் புறப்பட்டது. அந்தப் பயணத்துக்குப் பொலிஸ் கொடுத்த அனுமதிப் பேர்மிற்றில் மூன்று நிபந்தனை எழுதியிருந்தது: வாகனம் நிறுத்தப்படலாகாது, ஒரு தடவை மாத்திரமே வாசிக்கலாம், வாசகத்துக்கு மேலதிகமாக எதுவும் சொல்லலாகாது.

மூன்றாவது நிபந்தனை முனாப்புக்குப் பழைய சிநேகிதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு கறுப்பு ஆட்டுக்காக அறிவித்தல் செய்தபோது, தாளில் இல்லாமல் "காலில் சின்னக் காயம் இருக்கு" என்று சேர்த்துவிட்டான். அது யாருக்கோ போகும் இரகசியச் செய்தி என்று பிடித்துக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து விசாரித்தார்கள். ஆடு மூன்றாம் நாள் தானாக வீட்டுக்கு வந்தது. அறை வாங்கிய முனாப்பின் இடது காதுக்குக் கேள்வி இன்னும் முழுதாக வரவில்லை.

கரை வாடிகள் மொத்தம் பதினொன்று. வாடி என்றால் கிடுகும் தகரமும் வைத்துக் கட்டிய மீனவர் குடிசை. வீதியோரமாக ஒரே வரிசையில், ஒன்றுக்கொன்று இருபது பாகம், நூற்றிருபது அடி அளவில், தள்ளி நின்றன. பின்னால் கடல். அங்கே போய்ச் சேரும்போது மூன்றரை மணி. கடற்காற்று ஓட்டோவின் சீலைக் கூரையைப் பிடித்து உலுப்பியது.

முனாப் முதலாம் வாடியில் வாசிக்கத் தொடங்கினான். பதினோராம் வாடியில் முடித்தான். எட்டாம் வாடி வாசலில் யோகலிங்கம் நின்று கையாட்டியது தெரிந்தது. யோகலிங்கத்தின் மீனைத்தான் முனாப் காலையில் சந்தையில் கூறுவான். சந்தையில் அவனைக் கண்டால் யோகலிங்கம், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், "என்ன காக்கா, என்ரை பாரை மீனைத் தலையை மட்டும் கூறி வித்தீங்களாம், வாலைச் சொல்லேல்லையாம்?" என்று வம்பிழுப்பான். இப்போதும் என்னவோ கத்தினான். காற்றில் விளங்கவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

"நிப்பாட்டவா?" என்று அன்ஸார் கேட்டான்.

முனாப் சந்தியில் நின்ற சென்றியைப் பார்த்தான். காதைத் தடவினான்.

"போ" என்றான்.

*

புயல் இரவோடு வந்து இரவோடு போனது. பட்டணத்தில் மரங்கள் விழுந்தன, தகரங்கள் பறந்தன. முனாப்பின் குசினிக் கூரை பக்கத்து வளவில் கிடந்தது. அடுத்த நாள் பின்னேரம் அன்ஸார் ஓட்டோப் பற்றரியில் ரேடியோவைக் கொளுவினான். பிரதி அமைச்சர் ஞானசேகரம் கதைத்தார். குரல் தேனில் ஊறியிருந்தது.

"நான் முன்கூட்டியே நேரடியாக எச்சரிக்கை விடுத்தேன். ஒலிபெருக்கி மூலம் வாசல் வாசலாக அறிவித்தேன். மக்களின் அலட்சியமே இந்த இழப்புக்குக் காரணம் என்பதை மிகுந்த மனவேதனையுடன் கூறிக்கொள்கிறேன்."

அதைக் கேட்டபோது முனாப்புக்குக் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "ஓம், நான்தானே போய் வாசிச்சனான்" என்று மனைவி லைலாவிடம் பெருமையாகச் சொன்னான். லைலா கூரை இல்லாத குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப ஏன் சனம் எழும்பிப் போகேல்லை?" என்றாள்.

பெருநாளுக்கு அடுத்த நாள் சோமசேகரம் வீட்டுக்கே வந்தார்.

"நாளைக்கு அமைச்சர் குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போறார். இடம்பெயர்ந்த சனம் அங்கைதான் இருக்கு. ரேடியோக்காரரும் வருவினம். நீர் மேடையில ஏறி, வாசல் வாசலாகத் தெளிவாச் சொன்னனான், சனம்தான் கேக்கேல்லை எண்டு சொன்னால் போதும். அதைவிட, உம்மடை ஒலிபெருக்கிப் பேர்மிற் தை மாதத்தோட முடியுது என்ன?"

முனாப்புக்கு வியாபாரம் தெரியும். இது என்ன சாமான், என்ன விலை என்று உடனே விளங்கியது. பதினொரு வாடிச் சனத்தின் தலையில் பழியைப் போட்டால் அவனுக்குப் பிழைப்பு இருக்கும். "பாப்பம் சேர்" என்றான். பேரத்தில் அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

*

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாதிக் கூரைதான் இருந்தது. மீதிக்குத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். முனாப் தன் ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது யோகலிங்கத்தின் மனைவி குணேஸ்வரி வந்தாள். யாருடையதோ சட்டை, யாருடையதோ சீத்தைத் துணி. நெற்றியில் பொட்டு இல்லை. அதைக் கண்டதும் முனாப் வயரைக் கீழே வைத்தான்.

"தெரியாதோ காக்கா?" என்றாள். "வள்ளத்தைக் கட்டப் போனவர். பிறகு வாடியும் இல்லை, அவரும் இல்லை. ரெண்டாம் நாள் கண்டல் காட்டுக்குள்ளை உடலை எடுத்தது."

"தங்கச்சி, நான் வந்து வாசிச்சனானே! ஏன் நீங்கள் எழும்பிப் போகேல்லை?"

குணேஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுது முடித்த கண்.

"நீங்கள்தானே காக்கா போகத் தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்?"

"நானோ?"

"'எவரும் வீணாகப் பீதியடையத் தேவையில்லை' எண்டு சொன்னனீங்கள். அவ்வளவும்தான் எங்கடை வாசலுக்குக் கேட்டது. அவர் சிரிச்சவர். 'பாத்தியே, அமைச்சர் ஓட்டோ பிடிச்சு ஆளனுப்பிப் பயப்பிடாதை எண்டு சொல்லுறார், நாங்கள் ஓடினால் அந்தாளுக்கு மரியாதை இல்லை' எண்டவர். என்னை உள்ளுக்கை போகச் சொல்லிப்போட்டு வள்ளத்தைக் கட்டப் போனவர்."

முனாப் ஓட்டோவின் படியில் குந்தினான். சட்டைப் பையில் இருந்து சீல் குத்திய தாளை எடுத்தான். விரலால் ஏழு ஏழு சொல்லாக எண்ணிக்கொண்டு போனான். எட்டாவது ஏழு சொல்லில் விரல் நின்றது. "இதனால் எவரும் வீணாகப் பீதியடையத் தேவையில்லை என அன்புடன்."

அன்புடன்! அந்தச் சொல்லில்தான் அவனுக்குக் கோபம் பற்றியது. அது கேளாத காதில் போய் இரைந்தது. பதினாலு பட்டத்தையும் அவன் அப்படியே விட்டிருந்தால் அந்தச் சொல் வேறு வாசலில் விழுந்திருக்கும். வேறொருவன் செத்திருப்பான். ஒரு மனிதனின் உயிர் எந்த வாசலில் விழுவது என்பதை ஓர்ஸ் ஹில்லில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேர் கதைத்துத் தீர்த்திருக்கிறார்கள். ஒருவன் தானே. அதுவும் வென்றவன்.

பிரதி அமைச்சர் இரண்டு வாகனம் முன்னாலும் இரண்டு பின்னாலுமாக வந்தார். வெள்ளை வேட்டி. மண்டபத்துச் சேற்றில் கால் வைக்காமல் இருக்கப் பலகை போட்டிருந்தார்கள். ரேடியோக்காரர் மேடையில் ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்தார். ஞானசேகரம் இருபது நிமிடம் கதைத்தார். தான் நித்திரை கொள்ளவில்லை என்றார். இயற்கையை யாரும் வெல்ல முடியாது, ஆனால் எச்சரிக்கைக்குக் கீழ்ப்படியலாம் என்றார்.

"இனியாவது நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வாசல் வாசலாக வந்து சொன்னவர் இதோ நிற்கிறார்" என்று மைக்கை முனாப்பிடம் நீட்டினார்.

முனாப் மைக்கை வாங்கினான். மேடையில் நிற்காமல், வயரை இழுத்துக்கொண்டு சனத்துக்குள் இறங்கினான்.

"முதலாம் வாடி ஆர்?"

ஒரு கிழவர் கையைத் தூக்கினார். முனாப் மைக்கை அவர் வாயருகே பிடித்தான். "ஐயா, நான் வந்த நேரம் உங்கடை வாசலுக்கு என்ன கேட்டது?"

"மாண்புமிகு எண்டு கேட்டது. எலெக்சன் வந்திட்டுதெண்டு கதவைச் சாத்தினனான்."

"ரெண்டாம் வாடி?"

"கிழக்கின்ரை விடிவெள்ளி."

"மூண்டாம் வாடி?"

"பாலம் திறந்த பெருந்தகை. எந்தப் பாலம் எண்டு நாங்கள் வீட்டுக்கை சண்டை."

ஒருவர் சிரித்தார். அடுத்தவர் சிரிக்கவில்லை. நாலாம் வாடிக்கு "ஏழைகளின் தோழர்" கிடைத்திருந்தது. ஐந்தாம் வாடிக்கு "இடையறாத பணிகளுக்கு மத்தியிலும்". ஆறாம் வாடிக்கு "சகல இனப் பெருமக்களதும் நலன்". ஏழாம் வாடிக்காரன், "தாழமுக்கமாம், அதில தாங்கள் நேரடியாக் கவனம் செலுத்துறாங்களாம். கவனிக்கிறாங்கள்தானே எண்டு நான் படுத்திட்டன்" என்றான். சோமசேகரம் ஓட்டோப் பக்கம் விரைந்தார். அங்கே அன்ஸார் பற்றரிக்கு மேல் ஏறி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"வயரைக் கழட்டும்" என்றார் செயலாளர்.

"தொட்டால் கரண்ட் அடிக்கும் சேர். வீணாகப் பீதியடையத் தேவையில்லை" என்றான் அன்ஸார்.

எட்டாம் வாடி என்று முனாப் கேட்கவில்லை. குணேஸ்வரி தானாக எழுந்து வந்தாள். அந்த ஏழு சொல்லையும் மைக்கில் சொன்னாள், அவன் வாசித்த அதே இழுவையில், "அன்புடன்" வரைக்கும். சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தபடி நின்றாள்.

ஒன்பதாம் வாடிக்காரர் பிரதி அமைச்சரைக் கண்கொண்டு பாராமல், "விரும்பினால் எண்டு கேட்டது, என்னத்தை விரும்புறதெண்டு சொல்லேல்லை" என்றார். பத்தாம் வாடிப் புஷ்பவதி மட்டும்தான் அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவள். செயலாளரின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஓம், 'மாலைக்கு முன்னர் பாடசாலைக்கு' எண்டு கேட்டது" என்றாள் புஷ்பவதி. "அரிசி குடுக்கினமாக்கும் எண்டு பிள்ளையளையும் பையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். புயல் எண்டு எனக்கு ஆர் சொன்னது? அரிசி இல்லை எண்டு திரும்பப் போகத்தான் வெளிக்கிட்டனான், காத்து விடேல்லை."

பதினோராம் வாடிக்குக் கிடைத்தது "நன்றி".

ஞானசேகரம் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். குரலில் தேன் வற்றிப்போயிருந்தது. "முனாப், ஒன்றை மட்டும் சொல்லும். பாடசாலைக்குப் போகச் சொல்லி அந்த வாசகத்தில் இருந்ததா இல்லையா? முழுவதையும் நீர் வாசித்தீரா இல்லையா?"

"வாசிச்சனான் சேர். முழுக்க இருந்தது. ஆனா முழுதையும் கேட்டது ரெண்டே ரெண்டு பேர். ஓட்டோவுக்குள்ளை இருந்த நானும் என்ரை மச்சானும். நாங்கள் ரெண்டு பேரும் தப்பிட்டம். உங்கடை எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை சேர், கேட்டவன் ஒருத்தனும் சாகேல்லை."

ரேடியோக்காரர் பெட்டியை எப்போதோ நிறுத்தியிருந்தார். அதில் ஒன்றும் வராது என்று முனாப்புக்குத் தெரியும். சனம் எழுந்து நின்றது. கல் எடுக்கவில்லை, கத்தவில்லை. எழுந்து நின்றது, அவ்வளவுதான். பிரதி அமைச்சர் பலகையை விட்டு விலகிச் சேற்றில் கால் வைத்து வாகனத்துக்குப் போனார்.

சோமசேகரம் போகும்போது கையை நீட்டினார். முனாப் பேர்மிற்றைக் கொடுத்தான். பேரம் பேசவில்லை. சீல் குத்திய வாசகத்தைக் கேட்டபோது மட்டும், "அது என்னோட இருக்கட்டும் சேர்" என்றான்.

பிறகு குணேஸ்வரி வந்தாள். அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தால் அவனைவிட மடையன் இல்லை.

"நீங்களும் நிப்பாட்டேல்லைத்தானே காக்கா" என்றாள்.

"ஓம் தங்கச்சி. அன்ஸார் கேட்டவன். நான்தான் போ எண்டனான்."

அவள் அதை மன்னிக்கவில்லை. கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவருக்கு மரண அறிவித்தல் சொல்லேல்லை. ஒருதருக்கும் தெரியாமல் எரிச்சது. சொல்லிவிடுவீங்களே?" என்றாள்.

"பேர்மிற் இல்லை."

"தெரியும். அதாலதான் கேக்கிறன்."

முனாப் சீல் குத்திய தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதினான். அடித்தான், திரும்ப எழுதினான். விரல் விட்டு எண்ணினான். அவளுக்கு வாசித்துக் காட்டினான். அவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"ஊர்ந்து போகவோ?" என்று அன்ஸார் கேட்டான்.

"ஊரவேண்டாம். ஒவ்வொரு வாசலிலும் நில்லு."

வாடி இல்லாத பதினொரு வாசலிலும் நின்றார்கள். பிறகு வீதியில் இருந்த வீடுகளில். சென்றி வந்த இடங்களில் முனாப் மைக்கை மூடினான். அவன் வீரன் இல்லை, புடவைக் கடைக்காரர் மகன். சென்றி கடந்ததும் திறந்தான். பட்டணம் வந்து சேரும்போது தொண்டை கட்டிவிட்டது. கடைசியாக ஓர்ஸ் ஹில்லில், பிரதி அமைச்சரின் காரியாலய வாசலில், அன்ஸார் எஞ்சினையும் நிறுத்தினான். மேல் ஜன்னலில் சோமசேகரத்தின் கண்ணாடி மினுங்கியது.

முனாப் மைக்கை வாயோடு வைத்துக்கொண்டான்.

"குச்சவெளி யோகலிங்கம் புயலில் இறந்தார். எச்சரிக்கை அவருக்குக் கிடைக்கவில்லை."

ஜன்னல் சாத்தப்பட்டது. அவன் முதலில் இருந்து திரும்பச் சொன்னான்.